அமெரிக்க அண்டப்புளுகு நாயகர்கள் திரைக்கு வரும்போது எது தொலைகிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி:

"பால் பன்யன், பெகோஸ் பில் எல்லாம் நாட்டார் கதை நாயகர்களே இல்லை, கம்பெனிக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் செய்த பொம்மைகள் என்று படித்தேன். அப்படியென்றால் டிஸ்னி அவர்களைக் கார்ட்டூன் ஆக்கியதில் என்ன கெட்டுப்போயிற்று? அசலே இல்லாத இடத்தில் எதைத் திரித்தார்கள் என்று குறைசொல்வது?"

மார்ச் 3

பாதி உண்மை. மரம்வெட்டும் ராட்சதனாகச் சொல்லப்படும் பால் பன்யனின் புகழுக்குப் பின்னால் ஒரு மரக் கம்பெனி இருக்கிறது. மினியாபொலிஸின் ரெட் ரிவர் லம்பர் கம்பெனி தன் தொழிலைக் கலிபோர்னியாவின் வெஸ்ட்வுட்டுக்கு மாற்றியபோது, புது இடத்து மரத்தை வியாபாரிகளிடம் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. 1914இல் வில்லியம் லாஹெட் என்பவரை வைத்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். வெஸ்ட்வுட்டின் திருவாளர் பால் பன்யன் உங்களைச் சந்திக்க வருகிறார் என்கிற தோரணை. 1916இல் இன்னொன்று, 1922இல் பெரிதாக ஒன்று. அவனோடு திரியும் நீல எருதுக்கு பேப் என்று பெயர் வைத்தவரும் லாஹெட்தான்.

மாட்டுக்கார நாயகன் பெகோஸ் பில்லின் கதை இன்னும் பலவீனம். 1923இல் எட்வர்ட் ஓ'ரைலி செஞ்சுரி பத்திரிகையில் எழுதினார். டெக்சாஸ் மாட்டுக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது என்றார். அதற்கு முன்னால் அந்தப் பெயர் யார் வாயிலும் புழங்கியதாக ஆய்வாளர்களால் காட்ட முடியவில்லை. ரிச்சர்ட் டார்சன் என்ற நாட்டாரியல் அறிஞர் 1950இல் இந்த வகை முழுவதையுமே போலி நாட்டார் வழக்கு என்று சாடினார்.

ஆனால் பன்யன் விஷயத்தில் லாஹெட்டுக்கு முன்பே ஒன்று நடந்திருக்கிறது. ஜேம்ஸ் மெக்கில்லிவ்ரே மிச்சிகன் காட்டு முகாம்களில் காதில் விழுந்ததை எழுதி, அது 1910இல் டெட்ராய்ட் நாளிதழில் வந்துவிட்டது. லாஹெட்டும் அலுவலக நாற்காலியில் பிறந்தவர் இல்லை, முகாம்களில் வேலை பார்த்தவர். ஆக அசல் ஒன்று இருந்தது. அது நாம் தேடுகிற வடிவத்தில் இல்லை. ஆரம்பம், நடு, முடிவு என்று கதையாக இல்லை. ஒற்றை வரிகளாக, போகிறபோக்கில் வீசுகிற பொய்களாக இருந்தது.

மார்ச் 3, இரவு

மேலே எழுதியதில் முக்கியமானது கடைசி வரிதான். அதை நீட்டிச் சொல்ல வேண்டும்.

மரவெட்டு முகாமுக்குப் புதிதாக ஒருவன் வருகிறான். இரவுச் சாப்பாடு முடிந்து அடுப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். குளிர் அதிகம் என்கிறான் புதியவன். மூத்த ஆள் ஒருவர், "இதுவா குளிர்? பால் பன்யன் முகாமில் இருந்தபோது நாங்கள் பேசிய பேச்செல்லாம் காற்றிலேயே உறைந்துபோகும். வசந்தம் வந்து உருகினால்தான் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியும்" என்பார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. பக்கத்தில் இருப்பவர், "ஆமாம், அந்த மார்ச் மாதம் காதே செவிடாகிவிட்டது" என்று சேர்த்துக்கொள்வார். புதியவன் எந்த இடத்தில் சுதாரிக்கிறான் என்பதுதான் விளையாட்டு.

இதில் பால் பன்யன் யார்? அந்த இடத்தில் இல்லாத ஒருவன். எல்லாருக்கும் தெரிந்தவன்போலப் பேசப்படுகிறவன். கதை நடப்பது சொல்கிறவருக்கும் கேட்கிறவனுக்கும் நடுவில்.

திரையோ அந்த இல்லாத ஆளையே காட்டவேண்டியிருக்கிறது. கார்ட்டூனில் அறுபது அடி மனிதன் வந்தால் யாருக்கு ஆச்சரியம்? அங்கே பூனை மலையிலிருந்து விழுந்து எழுந்து ஓடுகிறது, எலி வெடிகுண்டு வீசுகிறது. எதுவும் நடக்கக்கூடிய இடத்தில் பொய்க்கு மதிப்பில்லை. அண்டப்புளுகு வேலைசெய்ய, அதைச் சுற்றி உண்மையான குளிரும் உண்மையான களைப்பும் இருக்கவேண்டும்.

ஆகவே என் பதில்: டிஸ்னி நாயகனைத் திரித்தார்களா என்பது இரண்டாம் கேள்வி. சொல்கிறவரை என்ன செய்தார்கள் என்று முதலில் பார்க்கவேண்டும்.

மார்ச் 4

என் சொந்த அனுபவம் ஒன்று இங்கே பொருந்தும். நான் இருப்பது மினியாபொலிஸ் பக்கம். வந்த முதல் குளிர்காலத்தில், மதிய உணவு மேசையில், வடக்கு மினசோட்டாவிலிருந்து வந்த வயதான சக ஊழியர் ஒருவர் என்னிடம் இதே உறைந்த பேச்சுக் கதையைச் சொன்னார். தன் தாத்தா வீட்டில் வெளியே போய் வந்தால் உறைந்த சொற்களைப் பொறுக்கி வாணலியில் போட்டுச் சூடாக்கித்தான் கேட்பார்களாம். சுற்றியிருந்தவர்கள் யாரும் தலைநிமிரவில்லை, சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் நிதானமாக, "எண்ணெய் ஊற்றுவார்களா?" என்று கேட்டேன். மேசை முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து அந்த மேசையில் எனக்கு ஓர் இடம் உண்டு.

பன்யன் பெயரை அவர் சொல்லவே இல்லை. கம்பெனி விளம்பரம் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியும், கார்ட்டூன் வந்து தலைமுறைகள் கடந்தும், பழைய வேலை அதே முறையில் நடந்துகொண்டிருக்கிறது.

மார்ச் 5

பன்யன் பற்றிய 1958 டிஸ்னி குறும்படத்தை மறுபடி பார்த்தேன். லெஸ் கிளார்க் இயக்கியது, பதினேழு நிமிடம், ஆஸ்கருக்கும் பரிந்துரையானது. நான் நினைத்திருந்ததைவிட புத்திசாலித்தனமான படம். கதையை ஒருவர் சொல்வதில்லை. மூன்று பேர் மாறி மாறி, எனக்குத்தான் அவனைத் தெரியும் என்ற உரிமையோடு நம்மைப் பார்த்துச் சொல்கிறார்கள். சொல்கிறவர் வேண்டும் என்று செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இருந்தும் ஒன்று குறைகிறது. மூன்று பேரும் ஒரே கதையின் மூன்று துண்டுகளைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மிஞ்சுவதில்லை. "நீ சொன்னது சின்னது, நான் பார்த்ததைக் கேள்" என்ற போட்டி இல்லை. போட்டி இல்லாவிட்டால் பொய் வளராது.

கடைசிப் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். நீராவி ரம்பம் கொண்டுவரும் ஜோ மஃபாவுடன் பன்யனுக்குப் பந்தயம். பன்யன் கால் அங்குலத்தில் தோற்கிறான். எருதைக் கூட்டிக்கொண்டு அலாஸ்காவுக்குப் போய்விடுகிறான். குழந்தைப் படத்தில் நாயகன் தோற்பதைத் துணிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அவன் வெட்டிய காடு என்ன ஆயிற்று என்ற பேச்சே கிடையாது. வடக்கு மினசோட்டாவின் வெர்ஜினியா நகரில் இருந்த பிரம்மாண்டமான வெள்ளைப் பைன் மில் 1929இல் மூடப்பட்டது. அறுக்க மரம் இல்லை. பெமிட்ஜி ஏரிக்கரையில் பன்யனுக்கும் பேப்புக்கும் சிலை வைத்தது 1937இல், சுற்றுலாவுக்காக. தொழில் போன பிறகு தொழிலாளியைச் சிலையாக்கினார்கள்.

மார்ச் 6

பெகோஸ் பில்லின் சிகரெட் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆம், உண்மை. 1948 'மெலடி டைம்' படத்தின் கடைசிப் பகுதி அது. 1998இல் அமெரிக்காவில் வீடியோ கேசட்டாக வந்தபோது அவன் வாயிலிருந்த சிகரெட்டை டிஜிட்டலில் அழித்தார்கள், அதோடு ஒட்டிய காட்சிகளும் வெட்டுப்பட்டன. சூறாவளிமேல் உட்கார்ந்து நிதானமாகப் புகையிலை சுருட்டுவதுதான் அந்தக் காட்சியின் உயிர். அவன் அலட்டிக்கொள்ளாததில்தான் பொய் நிற்கிறது.

எனக்குக் கோபம் அதில் இல்லை. அதே பகுதியில் பழங்குடி மக்களைப் பில் சுட்டு விரட்ட, அவர்கள் முகச்சாயம் உதிர்ந்துதான் வண்ணப் பாலைவனம் உண்டாயிற்று என்று ஒரு பாட்டு வரி வருகிறது. குழந்தைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிப் புகையை எடுத்தவர்கள் இதைத் தொடவில்லை. என் மகளோடு பார்க்கும்போது அங்கே நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. வெட்டுவதைவிட நிறுத்திப் பேசுவது மேல் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

சொல்கிறவர் கணக்கில் மட்டும் பார்த்தால் இந்தப் பகுதி நன்றாக இருக்கிறது. நடிகர் ராய் ராஜர்ஸ் தீமூட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, நிலவைப் பார்த்து கொயோட்டிகள் (ஓநாய் போன்ற சிறு விலங்குகள்) ஊளையிடுவது ஏன் என்று இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்கிறார். பில்லின் காதலி ஸ்லூ-ஃபுட் சூ குதிரையிலிருந்து எகிறி, தாவித் தாவி நிலவுக்கே போய்விட்டாள், அதனால்தான் ஊளை. அவர் சிரிக்காமல் சொல்கிறார். சூவுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் யாரும் கவலைப்படவில்லை. பெண் வந்தால் கதை முடியவேண்டும், ஆகவே மேலே அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 9

இனி ஜான் ஹென்றி. இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம், இவரை மேலே உள்ளவர்களோடு ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சம்மட்டியால் பாறையில் துளை போடுகிற கறுப்பினத் தொழிலாளி. நீராவித் துளைப்பொறியோடு போட்டி போட்டு ஜெயித்து, அங்கேயே விழுந்து இறக்கிறார். மேற்கு வர்ஜீனியாவின் டால்காட் ஊரில், 1870க்கும் 1872க்கும் இடையில் குடையப்பட்ட பிக் பெண்ட் சுரங்கப்பாதையில் நடந்தது என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஒரு மைலுக்கு மேல் நீளம். அங்கே அவருக்குச் சிலையும் இருக்கிறது. அலபாமாவில் நடந்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

ஸ்காட் நெல்சன் என்ற வரலாற்றாசிரியர் 2006இல் இன்னொரு வழி காட்டினார். வர்ஜீனியா சிறையில் ஜான் வில்லியம் ஹென்றி என்ற கைதி. திருட்டு வழக்கில் பத்து வருடத் தண்டனை. ரயில்பாதை வேலைக்குச் சிறையிலிருந்து வாடகைக்கு விடப்பட்டவர்களில் ஒருவர். லூயிஸ் சுரங்கப்பாதையில் ஆட்களும் நீராவிப் பொறியும் பக்கம் பக்கமாக வேலைசெய்த இடம் அது. சிறைப் பதிவில் உயரம் 5 அடி 1 அங்குலம் சொச்சம்.

இந்த உயரத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திரையில் எல்லா ஜான் ஹென்றியும் மலைபோல இருப்பார்கள்.

வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் இரும்பு உளியைப் பாறையில் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் உளி பிடித்தவர் அதைக் கொஞ்சம் திருப்பி, தூள் உதிர ஆட்ட வேண்டும். சம்மட்டி தவறினால் அவர் கை போகும், உயிரும் போகலாம். தாளம் பிசகாமல் இருக்கத்தான் பாட்டு. துளை ஆழமானதும் வெடிமருந்து வைப்பார்கள். வெடித்த பிறகு எழும் பாறைத்தூளைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் போயிற்று. போட்டியில் இதயம் வெடித்துச் செத்தவர் ஒருவர் என்றால், தூசியில் மெதுவாகச் செத்தவர்கள் எத்தனையோ.

தொழிலாளிகள் பாடிய சம்மட்டிப் பாட்டில் ஒரு வரி வரும்: இந்தச் சம்மட்டி ஜான் ஹென்றியைக் கொன்றது, என்னைக் கொல்லாது. நெல்சன் இதை எச்சரிக்கையாகப் படிக்கிறார். வேகமாக அடிக்காதே, அவன் கதி உனக்கு வரும். அப்படியானால் பாடியவர்களுக்கு ஜான் ஹென்றி பின்பற்றவேண்டிய நாயகன் மட்டும் இல்லை, இழந்துவிட்ட ஆளும்கூட.

இங்கே புளுகு இல்லை. சொல்கிறவன் முகத்தில் மறைத்துவைத்த சிரிப்பும் இல்லை. இவரைப் பன்யனோடும் பில்லோடும் ஒரே அட்டைக்குள் போட்டுத் தொகுத்த பிள்ளைகள் புத்தகங்கள்தான் முதலில் தவறு செய்தன, திரை பின்னால் வந்தது.

மார்ச் 10

நேற்று எழுதியதற்கு ஒரு வாசகர், "ஆனால் பாட்டிலும் மிகை இருக்கிறதே, குழந்தையாக அப்பா மடியில் உட்கார்ந்தபோதே சம்மட்டியைக் கையில் எடுத்தான் என்று வருகிறதே?" என்கிறார். நல்ல கேள்வி. பல பாடங்களில் அவர் துளைத்தது 15 அடி, பொறி துளைத்தது 9 அடி. பன்யனோடு ஒப்பிட்டால் எவ்வளவு அடக்கமான எண்கள் பாருங்கள். ஒரு மலையைத் தூக்கினார் என்று பாடியிருக்கலாம். பாடவில்லை. அந்த வேலை தெரிந்தவர்கள் பாடிய பாட்டு அது. 15 அடி என்றால் தோளுக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மடியில் உட்கார்ந்த குழந்தை, இதுதான் எனக்குச் சாவு என்று அப்போதே சொல்கிறது. பிறக்கும்போதே சாவு எழுதியாகிவிட்டது என்கிற துக்கம் அது.

மார்ச் 11

கேசி ஜோன்ஸ். சுருக்கமாக எழுத நினைத்தேன், முடியவில்லை.

1900 ஏப்ரல் 30 அதிகாலை, மிசிசிப்பியில் வான் என்ற சின்ன ஊர். இல்லினாய் சென்ட்ரல் ரயில். மெம்ஃபிஸிலிருந்து தாமதமாகக் கிளம்பிய பயணிகள் வண்டியை நேரத்துக்குக் கொண்டுவர கேசி வேகமாக ஓட்டுகிறார். முன்னால் ஒரு சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டிகள் பாதையை அடைத்து நிற்கின்றன. எஞ்சினுக்கு நிலக்கரி போடும் ஃபயர்மேன் சிம் வெப்பைக் குதிக்கச் சொல்லிவிட்டு, கேசி பிரேக்கைப் பிடித்தபடி உள்ளேயே இருக்கிறார். அன்று அந்த மோதலில் செத்தவர் அவர் ஒருவர்தான். எஞ்சின் துடைக்கும் வேலை பார்த்த வாலஸ் சாண்டர்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி நண்பருக்காகப் பாட்டுக் கட்டினார். பிறகு அது மேடைக்காரர்கள் கையில் போய் நகைச்சுவைப் பாட்டாகி அச்சாகி விற்றது.

1950இல் டிஸ்னி 'தி பிரேவ் எஞ்சினியர்' எடுத்தது. படம் முழுக்கத் துள்ளல். எஞ்சின் நொறுங்குகிறது, கேசி பிழைத்து ஊர் போய்ச் சேர்கிறார். நல்ல கார்ட்டூன்தான், தாளம் அருமை. ஆனால் அந்த வருடம் சிம் வெப் உயிரோடு இருந்தார், 1957இல்தான் இறந்தார். கேசியின் மனைவியும் உயிரோடு இருந்தார். அவர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்பதிலேயே என் மனம் நிற்கிறது. இவர் கதைப் பாத்திரம் இல்லை, ஒரு வீட்டில் இல்லாமல்போன ஆள்.

கேட்டவருக்கு: இதைத்தான் கெட்டுப்போனது என்கிறேன். பன்யனைத் திரித்தால் யாருக்கும் காயமில்லை. கேசியையும் ஜான் ஹென்றியையும் அதே மிட்டாய்த் தாளில் சுற்றும்போது காயம் இருக்கிறது.

மார்ச் 16

கொஞ்சம் விலகி ஒரு சந்தோஷமான விஷயம். பிரெய்னர்ட் பக்கம் பால் பன்யன் லேண்ட் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா உண்டு. உட்கார்ந்த நிலையில் பிரம்மாண்டமான பன்யன் பொம்மை. உள்ளே நுழையும்போது பெற்றோர் பிள்ளையின் பெயரைச் சொல்லிவைத்தால், பிள்ளை அருகில் வந்ததும் பன்யன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். போன கோடையில் குடும்பத்தோடு போயிருந்தோம். "வணக்கம், யாழினி!" என்ற அர்த்தத்தில் அந்தப் பெரிய வாய் திறந்தபோது, 'ழி' எங்கேயோ வழுக்கிப் போயிருந்தாலும், என் மகள் அசையாமல் நின்றுவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், அவனுக்கு எப்படித் தெரியும் என்ற விசாரணை. அவள் அம்மா முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "வடக்கே இருக்கிற எல்லாப் பிள்ளைகளின் பெயரும் அவன் சட்டைப்பையில் எழுதி வைத்திருக்கிறான்" என்றாள். நான் உடனே, "குளிரில் மை உறைந்துவிடுவதால் கோடையில் மட்டும்தான் வாசிக்க முடியும்" என்றேன். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைத்தான் எந்தப் படமும் என் மகள் முகத்தில் வரவழைக்கவில்லை.

மார்ச் 17

1995இல் வந்த 'டால் டேல்' பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பேட்ரிக் ஸ்வேஸ் பெகோஸ் பில், ஆலிவர் பிளாட் பன்யன், ரோஜர் ஆரன் பிரவுன் ஜான் ஹென்றி. ஒரு பையனின் நிலத்தைக் காப்பாற்ற மூவரும் வருகிறார்கள். ஸ்வேஸுக்கு அந்த வேடம் அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. ஆனால் படம் சொல்வது, இவர்களை நம்பு, நம்பினால்தான் இவர்களுக்குப் பலம். இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. அண்டப்புளுகு யாரையும் நம்பச் சொல்வதில்லை. நம்பாமல் இரு, ஆனால் ரசி, முடிந்தால் இன்னொன்று சேர் என்கிறது. நம்பிக்கை கேட்பது வேறு வகைக் கதை.

நடிகை ஷெல்லி டுவால் 1985 முதல் 1987 வரை ஷோடைம் சேனலில் செய்த தொடர் வசதி குறைந்தது, செட்டெல்லாம் அட்டை என்று தெரியும். ஆனால் அவரே முன்னால் வந்து ஒவ்வொரு கதையையும் அறிமுகப்படுத்துவார். அட்டை மலைமுன் நின்று ஒருவர் முகம் பார்த்துச் சொல்லும்போது கூட்டுச்சதி கொஞ்சம் திரும்பி வருகிறது. அதில் ஜான் ஹென்றியாக டேனி குளோவர். தேடிப் பாருங்கள்.

மார்ச் 23

டேவி கிராக்கெட்டை ஏன் விட்டேன் என்று கேட்டவருக்கு. விடவில்லை, இவருக்குத் தனி நாள் வேண்டும்.

எல்லைப்புற வேட்டைக்காரராக இருந்து அரசியலுக்குப் போனவர். இவர் நாயகனும் சொல்கிறவனும் ஒருவரே. 1834இல் வந்த தன்வரலாற்றில், ஒரு வருடத்துக்குள் 105 கரடி கொன்றதாக எழுதுகிறார். மேடை அவரை உயிரோடு இருக்கும்போதே பிடித்துக்கொண்டது. 1831இல் ஒரு நாடகத்தில் அவரை வைத்து நிம்ராட் வைல்ட்ஃபயர் என்ற பாத்திரம் வந்தது. தலையில் காட்டுப்பூனைத் தோல் தொப்பி. தோல்தொப்பி கிராக்கெட் என்ற உருவம் மேடையில் வேர்பிடித்து, 1835இலிருந்து வந்த கிராக்கெட் பஞ்சாங்கப் புத்தகங்களில் புளுகாக வளர்ந்து, 1954 டிசம்பரில் டிஸ்னி தொலைக்காட்சியில் நடிகர் ஃபெஸ் பார்க்கர் தலையில் ராக்கூன் தோலாக வந்து உட்கார்ந்தது. அமெரிக்கப் பையன்கள் எல்லாருக்கும் அந்தத் தொப்பி வேண்டும் என்றாயிற்று. கலரில் படம்பிடித்ததைக் கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பி, பிறகு 1955இல் தியேட்டருக்குக் கலரில் கொண்டுவந்தார்கள்.

பாட்டு அவரை மலையுச்சியில் பிறக்கவைக்கிறது. உண்மையில் பிறந்தது டென்னசியில் நோலிசக்கி ஆற்றோரம், 1786இல்.

முதல் பகுதியின் கரடிச் சண்டையைக் கவனியுங்கள். கிராக்கெட் கரடியைப் பார்த்துப் பல்லிளித்தே அதை அடக்கப் பார்க்கிறார். முடியவில்லை. சண்டை புதர் மறைவில் நடக்கிறது. என்ன நடந்தது என்று வெளியே வந்து அவர் சொல்வதுதான். பட்ஜெட்டோ என்னவோ, எனக்கு இது தங்கம். ஃபெஸ் பார்க்கர் குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். மரவெட்டு முகாமின் அடுப்பு பக்கத்தில் அவரை உட்காரவைக்கலாம்.

இன்னொன்று. 1955 பிப்ரவரியில் மூன்றாம் பகுதியில், டெக்சாஸில் மெக்சிகோ படை முற்றுகையிட்ட அலமோ கோட்டையில் கிராக்கெட்டின் கதையை முடித்துவிட்டார்கள். துப்பாக்கியைத் தடியாகச் சுழற்றிக்கொண்டு நிற்பதுதான் கடைசி. புகழ் அடங்கவில்லை. அதே நவம்பரில் அவரை மறுபடி கொண்டுவந்து, படகுக்காரன் மைக் ஃபிங்க்கோடு ஆற்றில் பந்தயம் விட்டார்கள். முந்தைய காலத்துக் கதை என்று சமாளித்தார்கள். இருவரும் மாறி மாறிப் பீற்றிக்கொள்கிற இடங்கள் இருக்கின்றனவே, மார்ச் 5 குறிப்பில் நான் ஏங்கிய போட்டி அதில் இருக்கிறது. இந்தப் பட்டியலிலேயே அண்டப்புளுகின் சுபாவத்தைப் பிடித்த படம் எது என்று கேட்டால், அந்தப் படகுப் பந்தயம் என்பேன்.

மார்ச் 23, சற்றுப் பின்

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். 1830இல் பழங்குடி மக்களை வெளியேற்றும் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த ஒரே டென்னசி காங்கிரஸ் உறுப்பினர் கிராக்கெட். டிஸ்னியின் இரண்டாம் பகுதி அதை மறைக்காமல், அவரைச் சபையில் எழுந்து பேசவைக்கிறது. முதல் பகுதியின் தலைப்பிலேயே அவர் செவ்விந்தியரோடு சண்டையிடுபவர் என்று இருப்பதால் இதைப் பலர் கவனிப்பதில்லை. அலமோவில் அவர் சண்டையிட்டபடி விழுந்தாரா, பிடிபட்டுக் கொல்லப்பட்டாரா என்ற சர்ச்சை, மெக்சிகோ அதிகாரி டே லா பெனாவின் நினைவுக்குறிப்பிலிருந்து கிளம்பியது. அதை இங்கே திறந்தால் இழை முடியாது.

ஏப்ரல் 2

ஊர் ஊராக ஆப்பிள் விதைத்தவராகக் கொண்டாடப்படும் ஜானி ஆப்பிள்சீட் பற்றி இரண்டே வரி. ஜான் சாப்மன், 1774இல் மாசசூசெட்ஸில் பிறந்து 1845இல் இண்டியானாவில் இறந்தவர். கண்டபடி விதை தூவித் திரிந்தவர் இல்லை. வேலி போட்டு நாற்றங்கால் வைத்து, குடியேறிகளுக்குக் கன்று விற்றவர். விதையிலிருந்து வரும் ஆப்பிள் பெரும்பாலும் புளிக்கும், அது சைடர் என்ற ஆப்பிள் மது காய்ச்சத்தான். 1948 டிஸ்னி படத்தில் பளபளக்கும் சிவப்புப் பழங்கள். அழகான படம், பின்னணி ஓவியங்களுக்காகவே பார்க்கலாம், ஆனால் அது பக்திக் கதை. புளுகுக்காரர்களின் திண்ணையில் அவருக்கு வேலையில்லை.

(இரண்டு வரி என்றேன், நீண்டுவிட்டது.)

ஏப்ரல் 7

எட்டு வயதுப் பிள்ளைக்கு எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டவருக்கு.

முதலில் படகுப் பந்தயம். அப்புறம் பன்யன் குறும்படம். பெகோஸ் பில்லை நீங்களும் கூட உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் மட்டும்.

ஜான் ஹென்றிக்கு இரண்டு படம் இருக்கிறது. ஜார்ஜ் பால் 1946இல் பொம்மைகளை வைத்துச் செய்த 'ஜான் ஹென்றி அண்ட் தி இன்கி-பூ' ஆஸ்கருக்குப் பரிந்துரையானது; இன்கி-பூ அந்த இயந்திரத்தின் பெயர். கறுப்பினத்தவரைக் கேலிப்பொருளாகவே திரை காட்டிக்கொண்டிருந்த காலத்தில், கேலி இல்லாமல் ரெக்ஸ் இங்கிராமின் கம்பீரக் குரலில் சொல்லப்பட்டது. அடுத்தது 2000இல் மார்க் ஹென் இயக்கிய டிஸ்னி குறும்படம். பத்து நிமிடம்தான். மனைவி பாலி கதை சொல்கிறாள். இழந்தவள் வாயால் வருவதால் இதில் சிரித்து மழுப்ப இடமில்லை. பாடுகிறவர்கள் எங்கள் மினியாபொலிஸின் சவுண்ட்ஸ் ஆஃப் பிளாக்னெஸ். இத்தனை வருடத்தில் டிஸ்னி செய்த நாட்டார் கதைகளில் எனக்கு மிக அருகில் இருப்பது இதுதான்.

ஆனாலும் இரண்டு படமும் அவர் ஜெயித்ததில் முடிகின்றன. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் பதிவுசெய்த சம்மட்டிப் பாட்டு ஒன்று உண்டு. அவரே ரயில்பாதையில் வேலை பார்த்தவர். அதில் பாடுகிறவன், இந்தச் சம்மட்டியைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் கொடு, நான் போய்விட்டேன் என்று சொல் என்கிறான். ஜான் ஹென்றியைக் கொன்ற சம்மட்டி அவனைக் கொல்லாதது இதனால்தான்: கீழே வைத்துவிட்டு நடந்துவிட்டான். இந்த ஆளை வைத்து இதுவரை யாரும் படம் எடுக்கவில்லை. பிள்ளைக்கு அந்தப் பாட்டை முதலில் போட்டுக்காட்டுங்கள், படம் அடுத்த நாள் இருக்கட்டும்.